ஓடிய அப்பா, நின்ற அப்பா

என் மச்சாள் அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்தபோது, நான் இங்கிலாந்தில் அதே படிப்பை முடித்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் என் அப்பாவின் தங்கையின் மகள். எங்களுக்கு ஒரே வயது. ஒஸ்லோவின் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் அடுத்தடுத்த மாடிக் கட்டடங்களில் வளர்ந்தோம். ஒரே பள்ளிக்கூடம், சனிக்கிழமைகளில் ஒரே தமிழ் வகுப்பு, ஒரே கடையில் வாடகைக்கு எடுத்த ஒரே வீடியோப் படங்கள். சினிமா படிக்கப் போகிறேன் என்று முதலில் வீட்டில் சொன்னவள் நான்தான். அவள் அப்போது பல் வைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அழுது, சாப்பிடாமல் கிடந்து, அப்பாவிடம் சம்மதம் வாங்கிய பிறகு அவளும் சினிமாதான் என்றாள். அவளுடைய அம்மா, என் மாமி, "அண்ணையே விட்டிட்டார், நான் என்ன சொல்ல?" என்று ஒரே நாளில் ஒத்துக்கொண்டார். நான் கல்லும் முள்ளும் பொறுக்கிப் போட்ட பாதையில் அவள் கைவீசி நடந்து போனாள். எரிச்சல் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

நான் படித்தது இங்கிலாந்தின் வடக்கே, மழை விடாத ஒரு நகரத்தில். எங்களுக்குக் கற்பித்த அம்மையார், பாத்திரம் அழத் தொடங்கினால் கமெராவைக் கொஞ்சம் தள்ளி வை என்பார். வேதனையில் இருப்பவன் வானிலையைப் பற்றித்தான் பேசுவான், பார்க்கிறவர்களுக்குப் புரியும், அவர்களை நம்பு என்பார். மச்சாள் கலிபோர்னியாவில் படித்தாள். அங்கே, படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் நாயகனுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிட வேண்டுமாம். பிறகு அது கிடைக்காமல் ஒவ்வொன்றாகத் தடை வர வேண்டும். முடிவில் பார்ப்பவனுக்கு நெஞ்சு நிறைய வேண்டும். "காசு குடுத்து வந்தவனை வெறும் கையோடை வீட்டை அனுப்பக்கூடாது" என்று அவளுடைய ஆசிரியர் சொல்வாராம்.

தொலைபேசியில் இதை வைத்தே சண்டை பிடிப்போம்.

"உங்கடை படங்களிலை ஆக்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே செத்துப்போவினம்" என்பாள் அவள்.

"உங்கடை படங்களிலை மழை பெய்தால், ஒராள் வந்து 'மழை பெய்யுது' எண்டு சொல்லோணும். பிறகு மழைக்கு ஒரு பாட்டும் போடோணும்" என்பேன் நான்.

இருவரும் சிரிப்போம். எனக்கு அது முழுச் சிரிப்பில்லை.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய பிறகு நான் நகர நடுவில் ஒரு திரையரங்கில் டிக்கெட் கிழிக்கும் வேலை செய்தேன். இரண்டு நாட்டுப் படங்களும் அங்கே ஓடின. அமெரிக்கப் படத்துக்குக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், நிறுத்து வாங்கிய இனிப்புப் பைகளோடு. முடிந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, தாங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று உரத்துப் பேசுவார்கள். ஆங்கிலேயப் படத்துக்கு இருவர் இருவராக வருவார்கள். முடிந்ததும் மேற்சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஒன்றும் பேசாமல் போவார்கள். சிலர் ட்ராம் தரிப்பிடம் வரை போய்த்தான் வாய் திறப்பார்கள். அந்த மௌனம்தான் பெரிய கைதட்டல் என்று நான் நினைத்திருந்தேன். என் படம் ஒன்று முடிந்து அப்படி நாலு பேர் போனால் போதும் என்று இருந்தேன்.

அந்த வருடம் எங்கள் ஆட்களின் கலைக்குழு ஒன்று குறும்படங்கள் கேட்டது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த கதைகள் வேண்டும் என்றார்கள். எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அப்பா முதலில் வந்தது ஹம்மர்பெஸ்டுக்கு. நோர்வேயின் வடக்கே, உலகத்தின் விளிம்பு மாதிரி இருக்கும் அந்த ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை. சில வருடங்கள் கழித்து அம்மாவும் சின்னப் பிள்ளையான நானும் போனோம். பனிக்காற்றில் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊரில் இறக்கி, அங்கிருந்து கரையோரக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். குளிர்காலத்தில் அங்கே சூரியன் எழும்பாது; நடுப்பகல், ஆனால் இருட்டு. அப்பா துறைமுகத்தில் நின்றார். அத்தனை வருடங்களுக்குப் பிறகு அம்மாவிடம் அவர் சொன்ன முதல் சொல், "கப்பல் பிந்திப் போச்சு, என்ன?" பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு இது சிரிப்பாக இருந்ததே இல்லை. இங்கிலாந்தில் அந்த ஆசிரியை மூன்று வருடம் கற்பித்ததெல்லாம் அப்பாவின் அந்த ஒரு வசனத்தில் இருந்தது.

நான் இதை எவரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுப்போகும் என்று நினைத்தேன். குளிர்காலத்தில் இரண்டு நண்பர்களுடனும், அப்பாவாக நடிக்கச் சம்மதித்த ஒரு தபால்காரருடனும், அவருடைய மனைவி மகளுடனும் ஹம்மர்பெஸ்டுக்கே போனேன். விரல் விறைத்துக் கமெராவின் பொத்தான் எது என்று தெரியாமல் நின்றேன். உண்மையான இருட்டு, உண்மையான துறைமுகம், உண்மையான கப்பல்.

மச்சாளும் ஒரு படம் எடுக்கிறாள் என்று தெரியும். "ஒரு துறைமுகக் கதை" என்று மட்டும் சொன்னாள். ஒருநாள் வேலையால் வந்தபோது அவள் எங்கள் பால்கனியில் அப்பாவோடு இருந்தாள். நடுவில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி. "மாமாட்டை வடக்கைப் பற்றிக் கொஞ்சம் கேட்டனான்" என்றாள். குளிர், மீன், சம்பளம் என்று ஏதோ தகவல் கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன். அப்பா பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் அவர் பேசுவது பெரும்பாலும் வழித்தடம் பற்றியும் டயர் பற்றியும்தான். அவரிடமிருந்து அவளுக்கு வேறென்ன கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

படங்களைக் காட்டியது மோர்டென்ஸ்ருட்டில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம். ரோல்ஸும் தேத்தண்ணியும் விற்றார்கள். பிள்ளைகள் கதிரைகளுக்கு இடையில் ஓடினார்கள். திரைக்கருவியைப் பார்த்துக்கொண்டது, கொஞ்ச காலத்துக்கு முன் சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு கணினிப் பொறியாளர். அப்பாவும் அம்மாவும் மாமியும் முன்வரிசையில் இருந்தார்கள்.

முதலில் என் படம். துறைமுகத்தில் ஒரு மனிதன் நிற்கிறான். நெடுநேரம் நிற்கிறான். கப்பல் வருகிறது. அந்த ஒரு வசனம். பிறகு மூன்று முதுகுகள் பனியில் நடந்து போகின்றன. வீட்டுக்குள் கேத்தல் கொதிக்கிறது, அவன் குழாயடியில் கை கழுவுகிறான், முகர்ந்து பார்க்கிறான், திரும்பவும் கழுவுகிறான். பின்னால் மனைவி நின்று பார்க்கிறாள். அவ்வளவுதான்.

அவன் அசையாமல் நிற்கும் காட்சியில் ஒரு சின்னப் பிள்ளை உரத்துக் கேட்டது. "அம்மா, படம் நிண்டு போச்சோ?"

மண்டபம் சிரித்தது. முடிந்ததும் மரியாதையாகக் கை தட்டினார்கள். பொறியாளர் என்னிடம் குனிந்து, "தப்பா எடுத்துக்காதீங்க, கேபிள் லூஸாயிடுச்சோன்னு நானும் ஒரு தடவை செக் பண்ணிட்டேன். நல்ல ஆர்ட் ஃபிலிம்ங்க. ஆனா க்ளைமாக்ஸ் எங்க வருது?" என்றார்.

பிறகு மச்சாளின் படம். ஒரு மீன் தொழிற்சாலை. ரப்பர் சப்பாத்தும் ஏப்ரனும் போட்ட ஒரு தமிழன் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறான். மனைவியும் மகளும் வரும் கப்பல் இன்று. மேற்பார்வையாளன் விடமாட்டேன் என்கிறான். அவன் ஏப்ரனோடு வெளியே பாய்கிறான். பஸ் போய்விட்டது. பனிப்புயல். ஓடுகிறான், வழுக்கி விழுகிறான், எழும்பி ஓடுகிறான். கப்பல் ஊதுகிறது. போய்ச் சேரும்போது கப்பல் புறப்படுகிறது, துறைமுகத்தில் எவரும் இல்லை. அவன் முழங்காலில் விழுகிறான். அப்போது பின்னாலிருந்து ஒரு குழந்தைக் குரல், "அப்பா!"

அந்தக் குழந்தை நான்.

மண்டபம் விம்மியது. பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்கள். எழும்பி நின்று கை தட்டினார்கள். மச்சாள் ஹம்மர்பெஸ்டுக்குப் போகவே இல்லை. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு படகுத்துறையில், காற்றுச் சத்தத்தைப் பிறகு சேர்த்து எடுத்த படம் அது. பக்கத்தில் இருந்த ஒருவர், "அந்தக் குளிரை அப்பிடியே காட்டிப்போட்டாள்" என்றார். எனக்கு விரல் விறைத்த கதையை அவருக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜாக்கெட்டின் தோளில் கண்ணைத் துடைத்தார். என் படத்தின்போதும் அவரைப் பார்த்திருந்தேன். அப்போது அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சாள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "நீயும் இதைத்தான் எடுத்தனீயோ? எனக்குச் சொல்லவேயில்லையே!" என்றாள். அவள் முகத்தில் உண்மையான சந்தோசம். அது இன்னும் சுட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தோம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அவள் எடுத்தது முழுப் பொய். அப்பா ஓடேல்லை. நீங்கள்தானே சொன்னனீங்கள், நிண்டவர் எண்டு."

"ஓம், நிண்டவர்தான்" என்றார் அம்மா. "நீ எடுத்ததுதான் சரி. கோட்டுப் பொக்கற்றுக்கை கையை விட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிண்டார்." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஆனால் எனக்கு அவளின்ரை படம்தான் பிடிச்சிருக்கு. அண்டைக்கு இவர் அப்பிடி ஓடி வந்திருந்தால் எப்பிடி இருந்திருக்கும்!"

அப்பா தட்டைப் பார்த்தபடி, "ஓடினனான்" என்றார்.

அம்மாவின் கை நின்றது.

"தொழிற்சாலையிலையிருந்து ஓடினனான். போகவேண்டாம் எண்டவங்கள், கேக்காமல் வெளிக்கிட்டனான். துறைமுகத்துக்குத் திரும்பிற மூலையிலைதான் பாத்தன், ஏப்ரன் முழுக்க மீன். இந்தக் கோலத்திலை முதல் முதல் பாக்கப்போறாவே எண்டு வெக்கமாப் போச்சு. கழட்டிப் பெட்டியளுக்குப் பின்னாலை ஒளிச்சுப்போட்டு, மூச்சு அடங்கும்வரை நிண்டிட்டு, பிறகு மெல்லமா நடந்து வந்தனான். கனநேரமா நிக்கிற ஆள் மாதிரி."

"விழேல்லையோ?" என்று கேட்டேன்.

"விழேல்லை. அது உன்ரை மச்சாள் படத்துக்குப் போட்டது."

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே. அவள் கேட்டவள்."

அம்மா எழும்பித் தட்டைக் கழுவப் போனார். குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டார். திரும்பி வந்தபோது அவருடைய முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி இல்லை. "இத்தனை வருசம் உங்களோடை இருக்கிறன். எனக்காக ஓடினதை அவளுக்குச் சொல்லியிருக்கிறியள். நான் சனத்தோடை சனமா இருந்து படத்திலை பாக்கிறன்" என்றார். அந்த வாரம் முழுவதும் மாமி தொலைபேசியில் அழைத்தால் அம்மா குளியலறையில் இருக்கிறார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் பொறாமைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு கூட்டாளி கிடைத்தார். ஆனால் அது ஆறுதலாக இல்லை.

கொஞ்ச நாட்களில் அம்மா கோபத்தை விட்டு வேறு வழி எடுத்தார். சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் பார்னஹாகே வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்ததும், "வாங்கோ நடப்பம்" என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். சன்னலால் பார்ப்பேன். அம்மா ஏதோ கேட்பார், அப்பா கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். அந்தக் கைகள் வீட்டில் அப்படி ஆடியதே இல்லை. என்னை அவர்கள் கூப்பிடவில்லை.

மச்சாளிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன். எல்லிங்ஸ்ருட் ரயில் நிலையத்துக்கு மேலே இருக்கும் மர வாங்கில் இருந்தோம்.

"அது என்ரை அப்பா. என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாம்."

"எனக்கு மாமா. மாமான்ரை கதையைக் கேக்க உன்னட்டை ஏன் கேக்கோணும்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கை கழுவிற காட்சி உனக்கு எங்கையாலை வந்தது? நான் எடுத்திருந்தால் மனுசிக்கு ஒரு வசனம் குடுத்திருப்பன். பிழைச்சுப் போயிருக்கும்" என்றாள்.

அவள் அதை மனதாரச் சொன்னாள். அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு படங்களையும் நோர்வேக் குறும்பட விழா ஒன்றுக்கு அனுப்பினோம். எனக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை இருந்தது. நோர்வேக்காரர்கள் பஸ்ஸில் தெரியாத ஒருவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டு போகிறவர்கள். அவர்களுக்கு மௌனம் விளங்கும், எங்கள் ஆட்களைப் போல க்ளைமாக்ஸ் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எடுத்தது மச்சாளின் படத்தை. தெரிவு செய்த பெண்மணி என்னைத் தொலைபேசியில் அழைத்து நல்லவிதமாகவே விளக்கினார். "உங்கள் படம் அழகாக இருக்கிறது. ஆனால் துறைமுகத்தில் பேசாமல் நிற்கும் ஆண்கள் எங்களிடம் நிறையவே இருக்கிறார்கள். ஓடுகிற ஒருவரைப் பார்க்க எங்களுக்கு ஆசையாக இருந்தது."

விழாவுக்கு நான் போகவில்லை. அப்பா போனார், புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு.

அடுத்த வருடம் நான் மூன்றாவதாக ஒரு படம் எடுக்க நினைத்தேன். அப்பா ஓடியதும், மூலையில் நின்றதும், ஏப்ரனை ஒளித்ததும். இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும் தங்கள் தங்கள் பாதியை அதில் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். இந்த முறை கமெராவை வைத்து அப்பாவிடமே கேட்டேன். அவர் உற்சாகமாகச் சொன்னார். அதற்குள் பலருக்கும் பல தடவை சொல்லிப் பழகியிருந்தார்.

"பஸ் போயிட்டுது. புயல் எண்டால் அப்பிடி ஒரு புயல். விழுந்து எழும்பி ஓடினனான். கப்பல் ஊதுது…"

"அப்பா, விழேல்லை எண்டு சொன்னனீங்கள்."

"விழுந்தனான்தானே" என்றார். கொஞ்சம் யோசித்து, முழங்காலைத் தடவினார். "இஞ்சை அடிபட்டது."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் நினைவிருந்தது. மச்சாளின் படம் அவருக்குள் போய் இருந்துவிட்டது. ஏப்ரனை ஒளித்த இடத்தைக் கேட்டேன். "அது பெரிசா ஒண்டுமில்லை" என்று தாண்டிப் போனார். நான் கமெராவை நிறுத்தினேன். இப்போது அவள் என்னிடமிருந்து எடுத்தது ஒரு கதையை மட்டும் இல்லை என்று பட்டது.

வேறு வழியில்லாமல் அவளிடமே போய், அன்று பால்கனியில் பதிந்ததைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் தந்தாள். அறையில் இருந்து கேட்டேன். அவள் அமெரிக்க முறையில், என்ன வேண்டும், என்ன தடை என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "மாமா, அண்டைக்கு விடியக்காலமையிலையிருந்து என்ன செய்தனீங்கள்?" அதற்குப் பிறகு அப்பாவின் குரல், பிறகு நீண்ட மௌனம். கீழே விளையாடும் பிள்ளைகளின் சத்தம், கோப்பை வைக்கும் சத்தம். மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை, அவசரப்படுத்தவில்லை. மெல்ல ஒரு "ம்". அப்பா திரும்பத் தொடங்குகிறார். திரும்பவும் மௌனம். நான் மூன்று வருடம் காசு கட்டிப் படித்ததை அவள் அந்த வகுப்புக்குப் போகாமலே செய்துகொண்டிருந்தாள். படத்தில் நான் காட்டிய பொறுமையை அப்பாவுக்கு முன்னால் அவள்தான் காட்டியிருந்தாள். மண்டபம் முழுக்க எழும்பி நின்று அவளுக்குக் கை தட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை.

மூன்றாவது படத்தை நான் எடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், அப்பாவுக்கு வேலை இல்லாத நாளில், பால்கனியில் போய் இருக்கத் தொடங்கினேன். கமெராவும் இல்லை, கருவியும் இல்லை. முதல் நாள் அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன, சுகமில்லையோ?" என்று கேட்டார். அடுத்த வாரம் டயர் பற்றிச் சொன்னார். அதற்கடுத்த வாரம் புது வழித்தடம். நான் "ம்" என்றேன். வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். வசந்தம் பிறந்து பனி கரைந்துகொண்டிருந்த ஒரு நாள், அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நாங்கள் போய்ச் சேர்வதற்கு முந்திய குளிர்காலத்தில் ஹம்மர்பெஸ்டில் தனக்கு நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். மத்தியானம் தாண்டியும் சொன்னார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, "பொறுங்கோ" என்றார்.

அது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. அம்மாவுக்குத் தெரியும், நடக்கப் போகும்போது அப்பா சொல்லியிருப்பார். மச்சாள் இப்போது பெரிய படங்கள் எடுக்கிறாள். நத்தார் விடுமுறைக்கு வந்தால், "மாமா வேறை ஏதும் சொன்னவரோ?" என்று என்னிடம் கேட்பாள். டயர் பற்றித்தான் என்று சொல்வேன்.